பிளாஸ்திரி அல்ல, காகிதம்

ஜூன் 9

பாப்பாவுக்கு,

நான் குழந்தையின் வாயில் பிளாஸ்திரி ஒட்டி வைத்தேன் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. கீழ்வீட்டுத் தையல்காரி அதைத் துணி கொடுக்க வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உன் காதுக்கும் வந்திருக்கும். இல்லாவிட்டால் விடுமுறை முடிந்து மகளை அழைத்துப் போக வந்தவள் ஒரு வாய் காபி கூடக் குடிக்காமல் கிளம்பியிருக்க மாட்டாய். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். பிளாஸ்திரி அல்ல, காகிதம். ஒட்டவும் இல்லை. உதடுகளுக்கு நடுவே ஒரு சின்னக் காகிதத் துண்டு. அவளாகப் பிடித்துக்கொண்டது. வேண்டாம் என்றால் வாயைத் திறந்தால் போதும், விழுந்துவிடும். இதில் கொடுமை எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இரவு வேலைக்குப் பிறகு தலைவலி வருகிறது என்றாயே, கண்ணைக் காட்டினாயா? என் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. மற்றபடி திடமாக இருக்கிறேன்.

பொடிசு நல்ல குழந்தைதான். ஆனால் வாய் ஓயாது. யாரிடமாவது பேசினால் பரவாயில்லை. தனக்குத்தானே பேசுகிறாள். ஷூ போட உட்கார்ந்தால், "இது இந்தக் கால். இல்ல இல்ல, மாத்து. ஷூ நாக்கை வெளிய இழு. இப்ப லேஸ்" என்று ஒரு பிரசங்கம். கட்டைகளை அடுக்கினால், "பெருசு கீழ. சின்னது மேல. மெதுவா. கையை எடு, கையை எடு" என்று தொணதொணப்பு. அணைக்க முடியாத ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறு வயதில் இப்படி என்றால் பதினாறில் என்ன ஆகும்? தனக்குத்தானே பேசிக்கொண்டு தெருவில் போகிறவர்களை ஊர் என்ன சொல்லும் என்று உனக்குத் தெரியாதா?

கான்வென்ட்டில் வாசிப்பு நேரத்தில் மதர் எங்களுக்குச் செய்ததைத்தான் நான் செய்தேன். உதடு அசையாமல் வாசிக்க வேண்டும். அசைந்தால் காகிதம் விழும். விழுந்தால் எழுந்து நிற்க வேண்டும். என் காகிதம் ஒரு தடவை கூட விழுந்ததில்லை. "நினைப்பதை உள்ளே வையுங்கள், கொடியில் காயப்போடாதீர்கள்" என்பார் மதர்.

உன் மகளும் கெட்டிக்காரி. சீக்கிரமே பழகிக்கொண்டாள். வீடு அமைதியாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் பால் டம்ளரைக் கொட்டியதும், கட்டைகளைச் சுவரில் வீசியதும், ஷூவைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுததும் வேறு விஷயம். காகிதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டிசம்பரில் உனக்கு வெளியூரில் பயிற்சி, உன் வீட்டுக்காரரும் கப்பலில் இருப்பார் என்றாய். குழந்தையை இங்கேதான் விடுவாய் என்று நினைத்துச் சின்ன அறைக்கு வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். தேதியை எழுது. போனில் வேண்டாம். இந்தப் போனில் நீ பேசுவது வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவதுபோல் இருக்கிறது. போனைத்தான் மாற்ற வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. பொடிசுக்கு என் முத்தம்.

உன் அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். முழங்காலுக்கு நான் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறீர்களா, அல்லது சீசா அலமாரியில் அலங்காரமாக நிற்கிறதா?

பள்ளி திறந்ததும் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "லீவுக்கு முன்னாடி இவ இப்படி இல்லைங்க. இப்ப வரையச் சொன்னா கையால வாயைப் பொத்திக்கிட்டு தாளையே பாத்துட்டு உக்காந்திருக்கா. அப்புறம் திடீர்னு கிழிச்சுப் போட்டுடறா. வரிசையில நிக்க முடியல, முன்னாடி நிக்கற பிள்ளையைத் தள்ளறா. வீட்ல ஏதாவது நடந்துச்சா?"

நான் என்ன பதில் சொல்ல வேண்டும், அக்கா? பிளாஸ்திரி அல்ல, காகிதம் என்றா?

இப்படியே போனால் அவளை அடுத்த வகுப்புக்கு அனுப்புவது கஷ்டம் என்று டீச்சர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதிலிருந்து எனக்கே புரிந்தது.

டிசம்பர் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. வெள்ளை அடிக்க அவசரம் வேண்டாம்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தங்கை


ஜூலை 8

பாப்பாவுக்கு,

நான் நாலு பக்கம் எழுதினேன். மூன்று வாரம் கழித்து நீ அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் பாதி அந்த டீச்சர் பேசியது. உன் தலைவலி பற்றி ஒரு வரி இல்லை. தைலம் தேய்க்கிறேன். நாற்றம் தாங்கவில்லை.

நடந்தது என்ன என்று கேட்கிறார்கள் என்றால் சொல். பெரியம்மா வீட்டில் ஒழுங்கு நடந்தது. சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் பரிமாறும்வரை கை மடியில் இருந்தது. "இரு. இன்னும் இல்ல" என்று நான் ஒரு தடவை சொன்னால் இருந்தாள். உன் வீட்டில் "ப்ளீஸ் கண்ணு, அம்மா சொல்றேன்ல" என்று கெஞ்சல். பிள்ளைகளுக்குக் கெஞ்சல் காதில் ஏறாது.

பால் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், பிறகு நான் மறைத்தேன் என்று வரக் கூடாது. அடுப்படியிலிருந்து மேஜைவரை தன் டம்ளரைத் தானே கொண்டுவர வேண்டும் என்பது அவள் வேலை. வந்த புதிதில் எறும்புபோல் வருவாள். "மெதுவா, பாலைப் பாரு, காலைப் பாக்காத" என்று வாய் முணுமுணுத்தபடி இருக்கும். ஒரு சொட்டுச் சிந்தாது. காகிதம் பழகிய பிறகு ஒரு நாள் ஓடி வந்தாள். தரையெல்லாம் பால், கண்ணாடித் துண்டு.

"ஏன் ஓடினே?" என்று கேட்டேன்.

"எனக்கு யாரும் சொல்லலியே" என்றாள். இதை இரண்டு தடவை சொல்ல வைத்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வார்த்தையை மென்று விழுங்குகிறார்கள்.

"யார் சொல்லணும்? மெதுவா நடக்கணும்னு உனக்கே தெரியாதா?"

"வாயில காகிதம் இருந்துச்சே பெரியம்மா" என்றாள்.

இது ஒரு பதிலா? நடப்பது காலா, வாயா? சாக்குப் போக்கு.

உன்னையும் இப்படித்தான் வளர்த்தேன். அம்மா போனபோது உனக்கு நான்கு வயது. என் கையில் வந்து சேர்ந்தாய். நீ எதையும் உடைத்ததில்லை, யாரையும் தள்ளியதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், "உங்க தங்கச்சி இருக்கிற இடமே தெரியலையே" என்று அதிசயப்படுவார்கள். உன் அத்தான் கூட, "இவ வீட்ல இருக்காளா, பள்ளிக்கூடம் போயிட்டாளா?" என்று கேலி செய்வார். நீ கெட்டா போய்விட்டாய்?

தையல்காரி இப்போதெல்லாம் என்னிடம் கத்திக் கத்திப் பேசுகிறாள். மரியாதை போய்விட்டது.

கண்ணைக் காட்டு. டிசம்பர் தேதியை எழுது.

உன் அக்கா


ஆகஸ்ட் 14

அக்காவுக்கு,

வணக்கம். கண்ணைக் காட்டிவிட்டேன், கண்ணாடி வந்துவிட்டது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். அதைச் சடங்குக்காக எழுதவில்லை.

உங்கள் கடிதத்தை ஒரு மாதமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். பஸ்ஸில் எடுத்துப் படிப்பேன், கோபம் வரும், மடித்து உள்ளே வைப்பேன். எனக்கு நாற்பத்து மூன்று வயது. நீங்கள் இன்னும் பாப்பா என்கிறீர்கள். நான் அதற்கும் ஒன்றும் சொன்னதில்லை.

நான் கெட்டுப் போனேனா என்று கேட்டீர்கள். இல்லை. இருக்கிற இடம் தெரியாமல் போனேன். காலையில் அலமாரியைத் திறந்தால் எதை உடுத்துவது என்று எனக்குத் தெரிவதில்லை. நீங்கள் பார்த்தால் என்ன சொல்வீர்கள் என்பதுதான் தெரிகிறது. அதை உடுத்திக்கொண்டு போகிறேன்.

ஆபரேஷன் தியேட்டரில் நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தைப் பற்றி உங்களிடம் சொன்னதில்லை. நோயாளியைத் தைத்து மூடுவதற்கு முன்னால், உள்ளே போன பஞ்சு, ஊசி, கத்தரி எல்லாவற்றையும் வெளியே வந்ததா என்று எண்ண வேண்டும். சத்தமாக. ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி திருப்பிச் சொல்ல வேண்டும். நான் மனதுக்குள் எண்ணிவிட்டுத் தலையை ஆட்டினேன். தலைமை நர்ஸ் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏம்மா, வாய்க்குப் பூட்டு போட்டிருக்கா? நீ உள்ளுக்குள்ள எண்ணினா, அந்த ஆளு வயித்துக்குள்ள இருக்கற பஞ்சுக்குக் கேக்குமா?" எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, சோப்பையும் சீப்பையும் வைத்துச் சத்தமாக எண்ணிப் பழகினேன். இருபத்திரண்டு வயதில்.

டீச்சரிடம் மறுபடி பேசினேன். முணுமுணுப்பு நோய் இல்லையாம். "முதல்ல நாம சொல்றோம், பிள்ளை கேக்குது. அப்புறம் நாம சொன்னதை அதுவே தனக்குச் சத்தமாச் சொல்லிக்குது. அப்புறம் சத்தம் குறைஞ்சு முணுமுணுப்பாகுது. அப்புறம் உள்ள போயிடும். உள்ள போனப்புறம் நாம யாரும் பக்கத்துல நிக்க வேண்டாம், அது தன்னையே பாத்துக்கும். போற வழியில பாதியில அடைச்சா, அது எங்க போகும் சொல்லுங்க?" என்றார். நடப்பது காலா வாயா என்று கேட்டீர்களே. ஆறு வயதில் வாய்தான், அக்கா.

இன்னும் ஒன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பொடிசு என்னிடம் கேட்டாள்: "பெரியம்மா மட்டும் பேசலாமா?"

"யாரோட பேசுவாங்க?" என்றேன்.

"யாரோடயும் இல்ல. 'அடுப்பு அணைச்சாச்சு'ம்பாங்க. நான் பின்னாடி நின்னு 'அணைச்சாச்சு'ம்பேன். 'கதவு பூட்டியாச்சு'ம்பாங்க. நான் 'பூட்டியாச்சு'ம்பேன். நல்லா இருந்துச்சு. ஒரு நாள் திரும்பிப் பாத்துட்டு, எதுக்கு வாய் அசையுதுன்னு கேட்டு காகிதத்தை வெச்சுட்டாங்க."

தையல்காரியும் அதையேதான் சொன்னாள். நீங்கள் சமையலறையில் நாள் முழுக்கப் பேசுவது, கீழே அவள் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கிறதாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை


ஆகஸ்ட் 20

பாப்பாவுக்கு,

நலம்.

நான் தனக்குத்தானே பேசுகிறவள் அல்ல. இதை எழுதி வைத்துக்கொள். என் வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன், பேசுவதற்கு ஆளே இல்லை. ஆளே இல்லாதபோது பேச்சு எங்கிருந்து வரும்? தையல்காரிக்குக் காதில் கோளாறு. குழந்தைக்குக் கற்பனை அதிகம். உனக்கு இரண்டு பேரையும் நம்பத் தெரிகிறது, உன்னை வளர்த்தவளை நம்பத் தெரியவில்லை.

புத்தி பேதலித்தவளிடம் குழந்தையை விட வேண்டாம். கண்ணாடி வந்ததில் சந்தோஷம்.

அக்கா


அக்டோபர் 11

அக்காவுக்கு,

வணக்கம். செப்டம்பரில் நான் எழுதிய கடிதம் வந்து சேர்ந்ததா? பதில் இல்லை. தையல்காரிக்குப் போன் செய்தேன். "இருக்காங்க. ஆனா கதவைத் தட்டினா திறக்க மாட்டேங்கறாங்க. பால் பாக்கெட்டு மட்டும் உள்ள போகுது" என்றாள். பால் பாக்கெட் உள்ளே போவதை வைத்து நீங்கள் உயிரோடு இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் என்னை வைத்திருக்கிறீர்கள். இது நியாயமா? முழங்கால் எப்படி இருக்கிறது?

பொடிசைப் பற்றிச் சொல்கிறேன். டீச்சர் அவளை ஜன்னல் ஓரத்தில் தனி மேஜையில் உட்காரவைத்து, "இங்க நீ எவ்வளவு வேணா பேசிக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாராம். முதலில் சில நாள் கை வாயை விட்டு இறங்கவில்லை. பிறகு ஒரு நாள் கத்தரிக்கோலால் வட்டம் வெட்டும்போது உதடு அசைந்ததாம். பிறகு சத்தம் வந்ததாம். இப்போது தாள் கிழிப்பதில்லை. வரிசையில் நிற்கும்போது, "அவ போகட்டும், அப்புறம் நான்" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறாளாம். எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேளுங்கள். பிஸ்கட் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, துணி காயப்போட்டு வரும்வரை தொடாதே என்று சொல்லிப் போனேன். கதவு இடுக்கில் நின்று பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டப்பாவுக்கு முன்னால் நிற்கிறாள். "இரு. இன்னும் இல்ல. கை எங்க இருக்கு? ம்ஹும். நான் பாத்துட்டுதான் இருக்கேன்" என்கிறாள்.

அது உங்கள் குரல். அந்த "ம்ஹும்" கூட. மூக்கால் ஓர் இழுப்பு இழுப்பீர்களே, அது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அக்கா. அடக்க முடியாத கோபம் வந்தது. ஆறு வருஷமாக நான் தொண்டை வற்றச் சொன்னது ஒன்றும் அவளுக்குள் போகவில்லை. இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்த வீட்டிலிருந்து உங்கள் குரல் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்குள் உட்கார்ந்தது போதாதா? ஆனால் ஒன்று. எனக்குள் இருக்கிற உங்கள் குரலுக்கு நான் பயப்படுகிறேன். அவள் பயப்படவில்லை. அதை வேலைக்காரிபோல் ஏவுகிறாள். சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தாள். பிஸ்கட்டைத் தொடவில்லை.

டிசம்பருக்கு, பக்கத்துத் தெருவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் சொல்லி வைத்துவிட்டேன். நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

கதவைத் திறங்கள். சாப்பிடுங்கள்.

தங்கை


அக்டோபர் 29

பாப்பாவுக்கு,

கதவைத் திறப்பதும் திறக்காததும் என் விருப்பம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று எழுதவில்லை, கோபமாக இருக்கிறாய் என்றுதான் எழுதியிருக்கிறாய்.

தையல்காரி என் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுகிறாள் என்று தெரிந்துகொள்வதற்காகவே ஒரு காது மிஷின் வாங்கினேன். மற்றபடி எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. கடைக்காரர் என் வயதுக்காரர். மாட்டிவிட்டு, "வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் போட்டுப் பாருங்கம்மா. எல்லாச் சத்தமும் புதுசா இருக்கும், பயந்துடாதீங்க" என்றார். நான் பயப்படுகிற ஆள் இல்லை என்றேன்.

தெருவில் செருப்புச் சத்தம் இவ்வளவு பெரியது என்று எனக்கு மறந்துபோயிருந்தது. மாடிப்படி ஏறினேன். கதவைத் திறந்து உள்ளே வந்து பையை வைத்தேன். வீட்டுக்குள் யாரோ ஒரு பெண்பிள்ளை பேசினாள்.

பதற்றப்படாதே. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்தும் பார்த்தேன், முழங்கால் என்ன பாடுபட்டது என்று கேட்காதே. யாரும் இல்லை. நான் நின்றால் அவள் நிறுத்துகிறாள். நான் அடுப்படிக்குப் போனால் கூடவே வருகிறாள். வயதானவள், கொஞ்சம் அதிகாரமான குரல்.

மறுநாளே மிஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"இதுல வேற எங்கேயோ பேசறது கேக்குது. கோளாறு" என்றேன்.

கடைக்காரர் கழற்றித் தன் காதில் வைத்துப் பார்த்தார். திருகினார். "மிஷின் நல்லாதாம்மா இருக்கு."

"அப்ப யாரு பேசறது?"

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதற்கு நன்றி. "இங்க வந்து உக்காந்து பையைத் திறக்கறப்பகூடக் கேட்டுச்சுங்க. வேணும்னா சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வெக்கட்டுமா?" என்றார்.

வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போதைக்கு அதை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். கோளாறு மிஷினில்தான்.

அந்த அம்மாளிடம் குழந்தையை விடுவது பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. சின்ன அறைக்கு வெள்ளை அடித்து முடிந்தது. சுண்ணாம்பு வாசனை போக ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.

தலைவலி குறைந்ததா?

அக்கா


நவம்பர் 12

அக்காவுக்கு,

வணக்கம். தலைவலி போய்விட்டது. கட்டிலுக்கு அடியில் குனியாதீர்கள், தயவுசெய்து.

அந்தக் குரல் என்ன சொன்னது? நீங்கள் எழுதவில்லை. குரல் எப்படி இருந்தது என்று எழுதினீர்கள், என்ன சொன்னது என்பதை விட்டுவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது அத்தான் நினைவு வந்தது. ரயில் ஓட்டும்போது ஒவ்வொரு சிக்னலையும் கண்ணால் பார்த்தால் போதாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருக்கும் உதவி டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பாரே. வீட்டிலும் அதே பழக்கம். நான் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு கேட்பேன். "கதவு பூட்டியாச்சு!" என்பார். நீங்கள் அலுத்துக்கொண்டே, "பூட்டியாச்சு" என்பீர்கள். "அடுப்பு அணைச்சாச்சு!" "அணைச்சாச்சு." அந்த இரண்டு குரலும் முடிந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். நானும் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு, "பாப்பா படுத்தாச்சு, படுத்தாச்சு" என்று சொல்லிக்கொள்வேன். இரண்டு குரலிலும் நானே. உங்களுக்குக் கேட்காதபடி. எனக்கு வாய் இருந்தது, அக்கா. அந்தப் போர்வைக்குள் மட்டும் இருந்தது.

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை உங்கள் கடிதம் கைப்பையில் கிடக்கவில்லை, உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பொடிசு பக்கத்தில் வந்து நிற்கிறாள். அவள் சொல்வதை எழுத வேண்டுமாம். எழுதுகிறேன்.

"பெரியம்மா, எப்படி இருக்கீங்க? நான் நல்லா இருக்கேன். லேஸ் கட்ட வந்துருச்சு. நான் இப்ப அங்க இல்லையே, நீங்க கதவு பூட்டியாச்சுன்னு சொன்னா யாரு பூட்டியாச்சுன்னு சொல்றாங்க?"

நலமாக இருங்கள்.

தங்கை


நவம்பர் 18

பாப்பாவுக்கு,

மிஷினில் கோளாறு இல்லை.

உன் கடிதம் வந்த அன்று அதை டப்பாவிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, வேலைகளை வழக்கம்போல் செய்தேன். என்ன சொன்னது என்று கேட்டாயே. "சாவி ஆணியில. பால் உள்ள வெச்சாச்சு. ஜன்னல். இந்த ஜன்னல் இல்லை, அந்த ஜன்னல். அடுப்பு அணைச்சாச்சு." சொன்ன பிறகு கொஞ்சம் நிற்கிறது. பிறகு அடுத்த வேலைக்குப் போகிறது.

அந்த நிற்கிற இடம்தான் எனக்குப் புரியாமல் இருந்தது. உட்கார்ந்து யோசித்தேன். அது நான் பதில் சொல்லி வந்த இடம். உன் அத்தான் சொல்ல, நான் திருப்பிச் சொல்லுவேன். "வீடு என்ன ரயிலா?" என்று அவரிடம் எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன். "ரயிலுக்காவது தண்டவாளம் இருக்கு. வீட்டுக்கு அதுவும் கிடையாது. சொன்னாதான் கை தப்புப் பண்ணாது" என்பார். அவர் போன பிறகு அவர் சொல்ல வேண்டியதை நான் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். என் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். எத்தனை காலமாக என்று எனக்குத் தெரியாது. தையல்காரிக்குத் தெரியும்.

உன் மகள் வந்து அந்த இடத்தில் நின்று பதில் சொல்லியிருக்கிறாள். அது என் காதில் விழவில்லை. திரும்பியபோது உதடு அசைவதை மட்டும் பார்த்தேன். மதர் பழக்கிய கண்ணுக்கு வேறெதுவும் பார்க்கத் தெரியவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வராது. போர்வையைப் பற்றியும் எழுத வராது. அதைப் படித்தேன் என்று மட்டும் தெரிந்துகொள்.

பொடிசு கேட்டதற்குப் பதில்: யாரும் சொல்வதில்லை.

உனக்கு என் மேல் கோபம் இருக்கட்டும். நியாயமான கோபத்தைத் துடைத்துக்கொண்டு வா என்று சொல்கிற ஆள் நான் இல்லை. கேட்பது டிசம்பர் விஷயம் மட்டும். அந்த அம்மாளிடம் சொல்லி வைத்ததை மாற்ற முடியுமா? குழந்தை இங்கே வந்தால் அவள் வாய் அவளுடையது. ஷூவோடு பேசட்டும், கட்டையோடு பேசட்டும். பால் டம்ளரை அவளே கொண்டுவரட்டும், சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். நான் சொல்வது பிடிக்காவிட்டால் என் குரலிலேயே என்னை அதட்டட்டும். ம்ஹும் என்பதை மட்டும் என் முன்னால் செய்து காட்ட வேண்டாம், எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அது எனக்குப் பழக்கமில்லை. சாப்பாட்டு மேஜையில் கை மடியில்தான். அதில் மாற்றமில்லை.

சுண்ணாம்பு வாசனை போய்விட்டது. முழங்கால் இன்று பரவாயில்லை. நீ புதுக் கண்ணாடியோடு எப்படி இருக்கிறாய் என்று பார்க்க வேண்டும்.

"லெட்டர் எழுதியாச்சு" என்று இப்போதுதான் சொன்னேன். மிஷினில் நன்றாகக் கேட்டது. அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. குழந்தை வருவாளா, மாட்டாளா? எதுவானாலும் சரி, போனில் வேண்டாம். எழுதி அனுப்பு.

உன் அக்கா